நான்காவது காஜா

உங்கள் வீட்டிலிருந்து வந்த பனியன் பெட்டி மூன்று நாட்களாக என் மேசைமேல் இருக்கிறது. மூடியில் '85 செ.மீ. வெள்ளை' என்று அச்சடித்திருக்கிறது. என் அளவு தொண்ணூற்றைந்து. அது தெரிந்தும் எண்பத்தைந்தில் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று முதலில் ஒரு கேலி வந்தது. அதைச் சொல்ல ஆளில்லை என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே இந்த வரிசையில்தான் வருகிறது.

உள்ளே இரண்டே பொருள். ஒன்று, அந்தக் காலத்துப் பெரிய ஃபிளாப்பி, பனியன் போடுகிற பாலித்தீன் கவருக்குள். மேலே உங்கள் கையெழுத்தில் 'முதல் பாடம்'. கல்லூரியில் இப்போது இருக்கிற மெஷின்களுக்கெல்லாம் வாய் சிறியது. இது எதற்குள்ளும் நுழையாது. இன்னொன்று, ஒரு சாண் நீளத் துணிப்பட்டி. காலர் வைத்த பனியனில் கழுத்துக்குக் கீழே பட்டன் வரிசை வருமே, அந்தப் பட்டி. அதில் ஐந்து காஜா. பட்டன் நுழைகிற ஓட்டைக்கு நம் ஊரில் வேறு பெயர் கிடையாது. ஐந்தும் பிசிறில்லாமல் எடுத்தவை. பட்டன் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு காஜாவுக்கும் பக்கத்தில் நீங்கள் பேனாவால் எழுதியது மங்கிவிட்டது. நான்காவதை மட்டும் படிக்க முடிகிறது: 'ஆமாங்க / இல்லீங்க'.

முகர்ந்து பார்த்தேன். அட்டை வாசனைதான். வேறு ஏதாவது வரும் என்று சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பிறகு சாப்பிடப் போனேன். ரசம் நன்றாக இருந்தது.

நீங்கள் போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. துறையில் எல்லோரும் என்னிடம்தான் துக்கம் விசாரித்தார்கள், ஏதோ நான் உங்கள் கூடப் பிறந்தவன் என்பதுபோல. நானும் முகத்தை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி மாதிரி இருக்கிறது. விறைப்பாக, மடிப்புக் கலையாமல். உட்கார்ந்தால் சத்தம் மட்டும் வருகிறது.

அந்தக் கோடி அறைக்குக் 'கணிப்பொறித் துறை' என்று போர்டு மாட்டி, அதன் கீழே நம் இரண்டு பேரையும் நிறுத்தியபோது எண்பதுகள் முடிகிற சமயம். நான் கணக்கு வாத்தியார். கோவையில் ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய் கோபால் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தவன். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தேன். வருகிறவர்கள் அதைக் கவனிக்காவிட்டால், பக்கத்தில் தொங்குகிற காலண்டரில் தேதி பார்த்துச் சொல்லச் சொல்வேன். நீங்கள் இயற்பியல் வாத்தியார். சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. புத்தகம் வாங்கி, நீங்களே படித்து, நீங்களே சந்தேகப்பட்டு, நீங்களே தீர்த்துக்கொண்டவர். கல்லூரி முழுக்க உங்களை 'பாய் சார்' என்றது. வேலம்பாளையத்தில் உங்கள் வீட்டு முன்னறையில் உங்கள் அப்பா, நீங்கள் கூப்பிடுகிற மாதிரி அத்தா, காஜா-பட்டன் மெஷின் இரண்டு போட்டிருந்தார். பிரித்துப் பூட்டுகிற கை உங்களுக்கு அங்கிருந்து வந்தது.

நம் லேபில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஏசி. கல்லூரிக்கே அது ஒன்றுதான் ஏசி என்பதால் பிரின்சிபால் தினமும் மத்தியானம் மேற்பார்வைக்கு வருவார். "மெஷினெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, கோடியில் உட்கார்ந்து கண்ணை மூடி யோசிப்பார். சில நாள் அந்த யோசனை குறட்டையாக வெளியே வரும். நீங்கள் பனியன் வேஸ்ட் துணியால் திரையைத் துடைத்துக்கொண்டே, "சார் ஆழமா யோசிக்கறாருங்க, சத்தம் போடாதீங்க" என்பீர்கள்.

பிள்ளைகளுக்கு அப்போது பேசிக்தான் முதல் மொழி. ஒரு நாள் நான் கரும்பலகையில் 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்று எழுதினேன். முன் பெஞ்சில் மல்லிகா எழுந்தாள். அவள் அப்பா ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அங்குலம் தப்பினால் சோறு இறங்காத குடும்பம்.

"சார், ஒரு டவுட்டுங்க."

"சொல்லு கண்ணு."

"எக்ஸும் எக்ஸ் பிளஸ் ஒண்ணும் எப்பிடீங்க சமமாகும்?"

"ஆகும் கண்ணு."

"போன வாரம் அல்ஜீப்ரால இப்பிடி வந்ததுக்கு, விடையே கெடையாதுன்னு நீங்கதானுங்க சார் அடிச்சுப்போட்டீங்க?"

"அது கணக்கு. இது கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர்ல மட்டும் எப்பிடீங்க?"

"ஏசியில ஆகும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வாசலில் நின்றிருந்த நீங்களும் சிரிக்கவில்லை.

அன்று டீ குடிக்கும்போது ஆரம்பித்தீர்கள். "அந்தப் புள்ள கேட்டதுல தப்பே இல்லீங்க சார். தப்பு பேசிக்கு மேல. உள்ள போடுறதுக்கும் சமமான்னு கேக்கறதுக்கும் ஒரே குறிய வெச்சிருக்கறான். பாஸ்கல்னு இன்னொரு மொழி இருக்குது பாருங்க, அதுல போடுறதா இருந்தா முன்னால ரெண்டு புள்ளி. புள்ளி இல்லாட்டி அது கேள்விங்க."

அப்புறம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பட்டனைப் பிடித்துக் காட்டினீர்கள். "பேசிக்குல பட்டன எடுத்துத் துணி மேல எங்க வேணுமின்னாலும் வெச்சர்லாம். நிக்காதுங்க. பாஸ்கல்ல அது நடக்காது. எந்தக் காஜாவுக்கு எந்தப் பட்டன்னு முன்னாடியே சொல்லிப்போடோணும். மொதல்ல காஜா, அப்புறம் பட்டன்."

"அப்ப எங்க கோபாலுங்க?" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடு.

"கோபாலுக்கும் காஜா உண்டுங்க. ஆனா ஒரு பட்டனுக்கு நாலு பக்கம் எழுதோணும். பசங்க காஜா எடுத்து முடிக்கறதுக்குள்ள வருசம் முடிஞ்சுரும். இன்னொண்ணுங்க சார். ஆமா இல்லைங்கறதுக்குன்னே தனியா ஒரு காஜா பாஸ்கல்லதான் இருக்குது. அதுக்குள்ள வேற ஒண்ணும் நொழையாது."

அந்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. முதலாண்டுக்கு இனி பேசிக் வேண்டாம். பாஸ்கலா கோபாலா என்று கல்லூரியே முடிவு செய்து எழுதலாம். பிரின்சிபால் அறையில் நாம் இதைப் பேசியது, டீ கொண்டுவந்த அட்டெண்டர் காதில் அரைகுறையாக விழுந்தது. மறுநாள் காலையில் அவர் என்னை வராந்தாவில் மடக்கினார்.

"ஏனுங்க சார், புதுசா வர்ற ரெண்டு வாத்தியார்ல கோபால் சாரு நம்ம பக்கந்தானுங்களே?"

"எந்தக் கோபால்?"

"அதானுங்க, அந்தப் பாஸ்கல் சாருக்குப் போட்டியா நிக்கறாரே, அவரு. பாஸ்கலு நாகர்கோயில் பக்கமுங்களாமா?"

நான் மறுக்கவில்லை. வதந்திக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பிறவிக் குணம். "கோபால் காங்கயத்துக்காரரு. ரொம்பப் பேசுவாரு. பாஸ்கலு ரொம்பக் கண்டிப்பு" என்றேன். மத்தியானத்துக்குள் கேண்டீன்காரர் உங்களிடம் வந்து, ரெண்டு பேருக்கும் சைவமா அசைவமா என்று கேட்டார். நீங்கள் நிதானமாக, "ரெண்டு பேருக்கும் கரண்ட் மட்டும் போதுமுங்க" என்றீர்கள்.

கோடை விடுமுறை முழுக்க நீங்கள் இந்த ஃபிளாப்பியில் பாஸ்கலுக்குப் பாடம் எழுதினீர்கள். கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தீர்கள். முதல் வரி 'முதலில் காஜா'. நான் விடுமுறையில் லேபுக்கு வந்தது ஏசிக்காக. வந்தவனை உட்காரவைத்துக் கடைசிப் பாடத்தைச் சொல்லிக் காட்டினீர்கள். பாயிண்டர்.

"ஊடு வேற, ஊட்டு அட்ரஸு வேறீங்க. இந்தக் காஜாவுக்குள்ள இருக்கறது அட்ரஸு மட்டும். புரியுதுங்களா?"

"ஆமாங்க."

"அந்த அட்ரஸுக்குப் போனா அங்க இன்னொரு அட்ரஸு இருக்கலாமுங்க."

"ஆமாங்க ஆமாங்க."

எனக்கு ஊடும் தெரியவில்லை, அட்ரஸும் தெரியவில்லை. வந்த வழி மட்டும் தெரிந்தது. அதிலேயே வீட்டுக்குப் போய்விட்டேன்.

கிளம்புகிறபோதுதான் சொன்னீர்கள். "எங்க மாமா அவரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு, கம்ப்யூட்டர் செக்சனுக்கு வான்னு ஒரு வருசமாக் கூப்புட்டுட்டு இருக்கறாருங்க. இந்தப் பாடத்துக்காகத்தான் தள்ளிப்போட்டுட்டே வர்றனுங்க. பாஸ்கல் வந்துச்சுன்னா இங்கியே இருந்துருவனுங்க. வரலீன்னா, தப்புன்னு தெரிஞ்சதயே வருசா வருசம் நடத்தறதுக்கு என்னால ஆகாதுங்க சார். துறைன்னா நாம ரெண்டு பேருதான். கூட்டத்துல நீங்களும் ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா முடிஞ்சுது. சொல்லுவீங்கல்லங்க?"

"ஆமாங்க" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நம் ஊர் ஆமாங்க என்பது ஒப்புதல் அல்ல. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு ஆமாங்க. 'மேலே சொல்லுங்கள்' என்பதற்கு ஆமாங்க. 'பஸ்ஸுக்கு நேரமாகிறது, விடுங்கள்' என்பதற்கும் ஆமாங்க. போனில் பேசுகிற நம் ஊர்க்காரனைப் பக்கத்திலிருந்து கேட்டால், சொத்தையே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று தோன்றும். போனை வைத்துவிட்டு, "அதெல்லாம் முடியாதுன்னுட்டேன்" என்பான். அதனால் நீங்கள் எனக்கு ஒரு காஜா எடுத்துவைத்திருக்க வேண்டும். எந்த ஆமாங்க என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நண்பன் என்று நினைத்துவிட்டீர்கள்.

கூட்டம் காலை பதினொரு மணிக்கு. மேசைமேல் மிக்சர். தாளாளர், பிரின்சிபால், நாம் இருவர். தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி, மரியாதைக்காரர். அட்டெண்டரிடம்கூட "தண்ணி கொண்டாரீங்களா?" என்றுதான் கேட்பார். நீங்கள் கையோடு கொண்டுவந்திருந்த இந்தப் பட்டியை அவர் முன்னால் விரித்தீர்கள். முழு எண்ணுக்கு ஒரு காஜா, புள்ளி எண்ணுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அவர் பட்டியை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"காஜா சுத்தமா இருக்குதுங்க பாய் சார். எந்த மெஷினுங்க?"

"எங்க அத்தா மெஷினுங்க."

"பழைய மெஷினுங்களா? தையல் நெருக்கமா உளுந்திருக்குது பாருங்க. இப்ப வர்றதுல இது வராதுங்க."

காஜா மெஷின் பற்றியே ஐந்து நிமிடம் போயிற்று. நான்காவது காஜாவைப் படித்துவிட்டுத் தாளாளர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆமாங்க, இல்லீங்க. இதுக்கும் ஒரு ஓட்டைங்களா!" அப்புறம் பட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாய் சார் சொல்றது நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நம்ம ஊட்டுப் புள்ளைங்க படிச்சு முடிச்சதும் ஒரு ஆபீசுல போய் உக்காரோணும் பாருங்க, அதுதானுங்க முக்கியம்?"

"ஆமாங்க."

"நம்ம ஆபீசுல, நம்மாளுங்க எல்லாரு ஆபீசுலயும் கோபால்தானுங்க ஓடுது?"

"ஆமாங்க."

"அப்ப இந்தப் பாஸ்கலு இப்போதைக்கு வேண்டாமில்லீங்க?"

"ஆமாங்க."

வேண்டாமில்லீங்க என்று ஒருவர் கேட்டால் ஆமாங்க என்பது வேண்டும் ஆகுமா, வேண்டாம் ஆகுமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். பிரின்சிபால் யோசிக்கவே இல்லை. அவர் யோசிப்பது ஏசியில் மட்டும்தான். 'துறையினர் ஒருமனதாகக் கோபாலைப் பரிந்துரைத்தனர்' என்று எழுதி, பேனாவை உங்களிடம் நீட்டினார். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டீர்கள். பட்டியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள். வெளியே நின்ற அட்டெண்டர், "ஏனுங்க, கோபால் சாருக்குத்தானுங்களா கெடச்சுது?" என்றார். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில்தான் கேட்டீர்கள். "சார், மூணாவதாச் சொன்னீங்களே, அது எந்த ஆமாங்கங்க?"

"அட, பழக்கத்துல வாயில வந்துருச்சுங்க."

"அப்பிடீங்களா."

நம் ஊரில் அப்பிடீங்களாவுக்கு மேல் ஒரு வசவு கிடையாது. ஆனால் நீங்கள் வசவாகச் சொல்லவில்லை. டவுன் பஸ் வந்தது. நீங்கள் முன்னால் ஏறி, எப்போதும்போலப் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தீர்கள். நான் உட்கார்ந்தேன்.

அந்த மாதக் கடைசியில் நீங்கள் ராஜினாமா கொடுத்தீர்கள். அதற்கப்புறம் உங்கள் மாமா கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற புரோகிராம் எழுதினீர்கள். எத்தனை பெட்டி, எந்த அளவு, எந்த நிறம். கோபாலில்தான். நானும் முதலாண்டுக்குக் கோபால் நடத்தினேன். சீனியர் வாத்தியார் நான்தான், வேறு யாரும் இல்லாததால். நாலே வருடத்தில் கோபாலையும் பெட்டி கட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது சி. அதில் பாயிண்டர் இருக்கிறது. தப்பித்து ஓடிய இடத்துக்கே அது பஸ் பிடித்து வந்து சேர்ந்தது. அந்தப் பகுதி வரும்போது எனக்கு வருடா வருடம் காய்ச்சல் வருகிறது. மல்லிகா நடத்துகிறாள். அவள் இப்போது நம் துறையில்தான் வேலை பார்க்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இதை ஒரு கதையாக்கினேன். ஸ்டாஃப் ரூமில், கல்யாண வீட்டில், ரயிலில், எங்கே நாலு பேர் கூடினாலும். 'மூன்று ஆமாங்க சொல்லிப் பாஸ்கலைக் கொன்ற கதை.' தாளாளர் குரலில் ஒன்று, என் குரலில் ஒன்று, முடிவில் அட்டெண்டர் குரல். ஒரு தடவைகூடச் சிரிப்புத் தப்பியதில்லை. உங்கள் எதிரிலேயே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். நீங்களும் சிரிப்பீர்கள். நடுவில் நான் விட்டுவிட்டால், "மிக்சர விட்டுட்டீங்க சார்" என்று எடுத்துக் கொடுப்பீர்கள்.

கடைசியாகப் பார்த்தது பேக்கரியில், இந்த ஆனி மாதம். உங்கள் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். கேட்டார்கள், சொன்னேன். மூன்று ஆமாங்கவும் அதே ஏற்ற இறக்கத்தோடு. அவர்கள் சிரித்து ஓய்ந்து வண்டியை எடுக்கப் போனதும், நீங்கள் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"கதை நல்லாத்தானுங்க சார் இருக்குது. ஆனா நெசத்துல மூணாவது ஆமாங்கவுக்கு மட்டும் சத்தம் கொறஞ்சுபோச்சுங்க. நீங்க கதையில அதச் சொல்றதில்லீங்க."

நான் டீயைக் குடித்தேன். நீங்கள் பன்னில் பாதியை என் பக்கம் தள்ளினீர்கள். "சாப்புடுங்க, ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காது" என்றீர்கள். பன் எப்படி ஆறும் என்று நான் கேலி செய்தேன்.

ஆகையால் இதை உங்களிடம் எழுதிவிடுகிறேன். படிக்க ஆளில்லாத கடிதம் என்பதால் தைரியம் வருகிறது. என் தைரியத்தின் அளவு எப்போதுமே எண்பத்தைந்துதான். அது பழக்கத்தில் வந்த ஆமாங்க இல்லை. முதல் இரண்டும் பழக்கம். மூன்றாவது வருவதற்குள் எனக்கு நேரம் இருந்தது. யோசித்தேன். பாஸ்கல் வந்தால் மல்லிகா மாதிரி ஒருத்தி எழுந்து பாயிண்டரைக் கேட்பாள், நான் உங்களிடம் வந்து நிற்க வேண்டும், துறையில் எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று யோசித்தேன். அவ்வளவுதான் காரணம். தாளாளருக்குப் பயந்தேன் என்றாவது இருந்தால் ஊரில் பாதிப் பேர் மன்னிப்பார்கள். அவர் நல்ல மனுஷர். இல்லீங்க என்று சொல்லியிருந்தால், "அப்பிடீங்களா, அப்ப பாஸ்கலே இருக்கட்டுங்க" என்றிருப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

நாற்பத்து மூன்று வயதில், கம்பெனியில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள் என்று போன் வந்தது. "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டேன். மாலை அஸர் தொழுகை முடிந்து அடக்கம். குழிக்குப் பக்கத்தில் என்னையும் கூப்பிட்டு மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன். மூன்றாவது பிடியில் ஒரு சின்னக் கல் இருந்தது. அதைத் தனியே எடுத்துவிட்டுப் போட்டேன். அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. யாரோ கை துடைக்கப் பனியன் வேஸ்ட் கொடுத்தார்கள். துடைத்தேன். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்ற யோசனைதான் ஓடியது.

மூன்று நாள் முன்பு, நாற்பதாம் நாளுக்கு, மல்லிகாவும் நானும் வேலம்பாளையம் வந்தோம். மல்லிகா பெண்களோடு உள்ளே போய்விட்டாள். நான் முன்னறையில், அந்தப் பழைய காஜா மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் பெரிய மகள் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உங்கள் துணைவியார் இத்தாவில், கணவரை இழந்தவர்கள் வெளி ஆண்கள் முன் வராத அந்த நாட்களில், இருப்பதால் வெளியே வரவில்லை. உள்ளறைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்கள்.

"பீரோல இருந்துச்சுங்க. கணக்கு சாருக்குன்னு எழுதி ஒட்டி வெச்சிருந்தாருங்க. எப்ப வெச்சாருன்னு தெரியலீங்க."

"ஆமாங்க."

"அவரு ஊட்டுல உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க. அந்தக் கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க."

"ஆமாங்க."

திரை லேசாக ஆடிற்று, மின்விசிறிக் காற்றில்.

"ஆனா அவரு எதனால காலேஜ விட்டாருன்னு மட்டும் எங்கிட்ட ஒருக்காலும் சொன்னதில்லீங்க. நான் கேக்கறன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குள்ள மனஸ்தாபம் ஒண்ணுமில்லியேங்க?"

"இல்லீங்க" என்றேன்.

உடனே வந்தது. யோசிக்காமல், முழுச் சத்தத்தோடு. அன்றைக்கு மிக்சர் தட்டுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய சொல். வேறு கேள்விக்கு, ஒரு திரையைப் பார்த்து, இப்போது வந்தது. அதுவும் பொய்யாக.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. அடுத்த ஸ்டாப்பில் மல்லிகாவுக்கு ஒரு சீட் கிடைத்தது. பையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "ஏனுங்க சார் அத்தனை சத்தமாச் சொன்னீங்க?" என்றாள். "தூங்கீட்டு இருந்த சின்னப் புள்ள எந்திரிச்சு அழுவுதுங்க. நாங்க நாலு பேரு சமாதானப்படுத்தறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிருச்சு."

"அப்பிடீங்களா" என்றேன். என் மாணவியிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

பட்டி இப்போது மேசைமேல்தான் இருக்கிறது. நாளையிலிருந்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கூட்டம், போன், கல்யாண வீடு, எங்கே போனாலும். சற்று முன் நான்காவது காஜாவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நுழைகிறது. உங்கள் அத்தா மெஷினின் தையல் நெருக்கம், இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு இழை விடவில்லை. விரலைச் சுற்றி இறுக்கமாக ஏதோ பிடித்திருப்பது தெரிகிறது. நாற்பது நாளில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். விரலை இன்னும் எடுக்கவில்லை. இதை இடது கையால்தான் எழுதி முடிக்கிறேன்; எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.